அரை மணி நேரத்தில் கோழி உருண்டை, பாதித் தட்டு காய்கறி

வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிற குடும்பங்களில் தினமும் எழுகிற கேள்வி, இன்று இரவு என்ன சமைப்பது என்பதுதான். பல நாள்களில் அதற்கு விடை, கடையில் பொட்டலம் கட்டி வந்த நாசி கோரேங் அல்லது அவசரமாகக் கொதிக்கவைத்த மீ. வயிறு நிறைந்துவிடும், காய்கறி மட்டும் தட்டில் இருக்காது.

இது சிறிய குறை அல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்லி வருவதும் இதனால்தான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு இறைச்சி அல்லது மீன், மீதிப் பாதி காய்கறியும் பழமும்.

பாதித் தட்டு காய்கறி என்றால் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதே காய்கறி கோழி உருண்டையோடு ஒரே சட்டியில் வெந்து, இறைச்சிச் சாறு ஊறி வந்தால் தட்டு காலியாகும். செட்டிநாட்டுக் கோலா உருண்டையை எண்ணெயில் பொரிப்பார்கள். இங்கே இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போதும்.

ஐந்து பேருக்குத் தேவையானவை: அரைத்த கோழி இறைச்சி 500 கிராம், பொடியாக நறுக்கிய பெரிய வெங்காயம் 1, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, சோம்புத் தூள், மிளகுத் தூள், மஞ்சள் தூள் தலா அரைத் தேக்கரண்டி, பொட்டுக்கடலை மாவு 3 மேசைக்கரண்டி, கொஞ்சம் கறிவேப்பிலை. காய்கறிக்கு 2 காரட், ஒரு பிடி பயற்றங்காய், கால் முட்டைக்கோஸ், ஒரு கட்டு சவி கீரை, 2 தக்காளி.

முதலில் சோற்றை அடுப்பில் அல்லது ரைஸ் குக்கரில் போட்டுவிட வேண்டும். அது வேகும் நேரத்திற்குள் மற்ற வேலை முடிந்துவிடும்.

இறைச்சியில் உப்பை மட்டும் சேர்த்து இரண்டு நிமிடம் பிசைய வேண்டும். உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசைபோல் ஆக்குகிறது. உருண்டை உடையாமல் நிற்பதற்கு முட்டை தேவையில்லை. பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். பொட்டுக்கடலை மாவு இறைச்சி விடும் நீரை உறிஞ்சிப் பிடித்து வைப்பதால் உருண்டை மெதுவாக இருக்கும். மாவு கூடினால் கெட்டியாகிவிடும். கையை ஈரப்படுத்திக்கொண்டு, பெரிய நெல்லிக்காய் அளவில் ஏறத்தாழ 20 உருண்டைகள் பிடிக்கலாம். அளவு ஒன்றுபோல் இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

அகலமான சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் உருண்டைகளை மிதமான தீயில் ஐந்து நிமிடம் புரட்டிச் சிவக்கவைத்து எடுத்து வைக்க வேண்டும். அதே சட்டியில் தக்காளியை வதக்கி, காரட்டும் பயற்றங்காயும் போட்டு, அரைக் குவளை நீர் ஊற்றினால் அடியில் ஒட்டிய சுவையெல்லாம் குழம்பில் கரையும். காய்கறிக்கு வேண்டிய உப்பையும் அப்போதே பார்த்துப் போடலாம். மூன்று நிமிடம் கழித்து உருண்டைகளைத் திரும்பப் போட்டு, மூடி, ஏழெட்டு நிமிடம் வேகவிட வேண்டும். முட்டைக்கோஸும் கீரையும் கடைசி இரண்டு நிமிடத்திற்கு. முன்னரே போட்டால் குழைந்துவிடும்.

அரைத்த இறைச்சியில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடுகிறது. எனவே வெளியே சிவந்தது போதாது, நடுப்பகுதியும் முழுமையாக வேக வேண்டும். நடுவில் 74 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் பாதுகாப்பானது. வெப்பமானி இல்லாத வீட்டில், பெரிய உருண்டை ஒன்றைப் பிட்டுப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தாலோ வழவழப்பாக இருந்தாலோ இன்னும் சில நிமிடம் வேகட்டும். பச்சை இறைச்சி பட்ட கையையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே மற்றதைத் தொட வேண்டும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

வார நாள்களில் இதற்கும் நேரமில்லை என்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிய புதிய இறைச்சியில் இரண்டு மடங்கு பிடித்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டு வைக்கலாம். உறைந்ததை அப்படியே சட்டியில் போடலாம். வேகும் நேரம் மட்டும் ஒன்றரை மடங்காகும். காய்கறி நறுக்குவதையும் உருண்டை பிடிப்பதையும் பெரிய பிள்ளைகளிடம் கொடுத்தால் அம்மாவின் வேலை பாதியாகும். தான் பிடித்த உருண்டையைப் பிள்ளை மிச்சம் வைப்பதும் அரிது.

புரட்டாசி மாதத்தில் கோழிக்குப் பதிலாகத் தண்ணீர் பிழிந்த தௌஃபுவை உதிர்த்து, பொட்டுக்கடலை மாவைக் கொஞ்சம் கூட்டிப் பிடிக்கலாம். சமைக்கும் முறையில் மாற்றமில்லை.

பரிமாறும்போது ஒரு சின்னப் பழக்கம் உதவும். முதலில் காய்கறியைப் பாதித் தட்டுக்குப் போட்டுவிட்டு, நான்கு உருண்டைகளை வைத்து, சோற்றைக் கடைசியாகப் போடலாம். மிச்சமிருக்கும் இடத்திற்குத்தான் சோறு.