வலி ஓரிடம், மருந்து ஓரிடம்



கீழப்பழுவூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்குத் தொண்டையில் புற்றுநோய். வலிக்காகப் பல வாரங்களாக மார்ஃபின் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இப்போது கஞ்சியை விழுங்குவதே பெரும்பாடு. மாத்திரை எப்படி இறங்கும்? மருத்துவர் ‘ஃபென்டனில்’ என்ற மருந்து அடங்கிய சிறு பட்டை ஒன்றை அவருடைய மேற்கையில் ஒட்டிவிடுகிறார். இதைப் ‘பேட்ச்’ என்பார்கள்.

பேரனுக்கு ஓர் ஐயம். வலி தொண்டையில்; ஒட்டியதோ கையில்! தாத்தா இடுப்பு வலிக்கு இடுப்பில்தானே பிளாஸ்திரி ஒட்டுவார்? இதை உரித்துக் கழுத்தில் ஒட்டி, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தால் என்ன?

அன்பினால் எழும் எண்ணம்தான். ஆனால் அந்த ஒத்தடம் பாட்டியின் உயிருக்கே உலையாகிவிடலாம். ஏன் என்று பார்ப்போமா?

தோல் என்னும் மதில்

நம் தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. அடுக்கிய செங்கற்களுக்கு இடையே சுண்ணாம்புக் காரை பூசியதுபோல, அச்செல்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. ஆகவேதான் மழையில் நனைந்தாலும் நீர் உடலுக்குள் புகுவதில்லை. ஆனால் கொழுப்பில் எளிதில் கரையும் சிறு மூலக்கூறுகள் இந்த மதிலைக் கடந்துவிடும். ஃபென்டனில் அத்தகையது. பெல்ஜியம் நாட்டின் பால் ஜான்சென் 1960இல் உருவாக்கிய மருந்து இது. அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம் கொண்டது. ஆகவே சிறிதளவே போதும்.

எவ்வளவு சிறிது? மணிக்கு 25 மைக்ரோகிராம் தரும் பட்டை 72 மணி நேரம் ஒட்டியிருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 1,800 மைக்ரோகிராம், அதாவது 1.8 மில்லிகிராம்! காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலில் ஏறத்தாழ 280இல் ஒரு பங்குதான்.

வேலை நடப்பது எங்கே?

தோலைக் கடந்த மருந்து இரத்தத்தில் கலந்து, தண்டுவடத்தையும் மூளையையும் அடைகிறது. அங்குள்ள நரம்புச் செல்களில் ‘ஏற்பிகள்’ உண்டு. பூட்டில் சாவி பொருந்துவதுபோல மருந்து அவற்றில் பொருந்தி, வலிச் செய்தி மேலே செல்வதைத் தடுக்கிறது. புண் ஆறிவிடவில்லை, புண்ணின் செய்திதான் அடங்குகிறது. எனவே பட்டையைக் கையில் ஒட்டினால் என்ன, மார்பில் ஒட்டினால் என்ன? பலன் ஒன்றே.

மருந்து முதலில் தோலின் கொழுப்பில் சேமிப்பாகி, பின்னரே இரத்தத்துக்குக் கசிகிறது. ஆதலால் முழுப்பயன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். “வலி குறையவில்லையே” என்று அவசரப்பட்டு இன்னொரு பட்டை ஒட்டக் கூடாது. உரித்த பின்னும் பல மணி நேரம் மருந்து கசிந்துகொண்டே இருக்கும்.

ஆபத்து எங்கே?

மூச்சு விடுதலைக் கட்டுப்படுத்தும் மூளைத் தண்டிலும் இதே ஏற்பிகள் இருக்கின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு மந்தமாகி நின்றே போகலாம். தோல் சூடானால் மருந்து விரைந்து உட்புகும். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டினால் இரத்தத்தில் மருந்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பேரனின் ஒத்தடம் எவ்வளவு கேடு என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பாட்டிக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் கழித்து உரித்த பட்டையிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் வைத்தாலோ மேனியில் ஒட்டிக்கொண்டாலோ உயிர் போகலாம். எனவே ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, மருத்துவர் சொன்ன முறையில் அப்புறப்படுத்த வேண்டும். பட்டையை வெட்டவும் கூடாது. எழுப்பினாலும் எழாத தூக்கம், மந்தமான மூச்சு ஆகியவற்றைக் கண்டால் பட்டையை உரித்துவிட்டு 108ஐ அழையுங்கள்.

இவ்வளவு ஆபத்தான மருந்து தேவைதானா?

தலைவலிக்கும் சுளுக்குக்கும் இது மருந்தன்று. இதற்குமுன் இத்தகைய மருந்து உண்டு பழகாதவருக்கும் ஆகாது. ஆனால் தீராத கடும் வலியில் வாடும் பாட்டியைப் போன்றவருக்கு இது பெரும் ஆறுதல். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், உரிமங்களின் சிக்கலால் நோயாளிகளுக்கே இத்தகைய மருந்துகள் கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி சற்று எளிதாயிற்று. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியபோது, வீடு தேடி வந்து நோயாளியின் வலியைத் தணிக்கும் சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டது.

அச்சத்தால் இம்மருந்தை ஒதுக்கினால் வலி வெல்லும். அறியாமையால் கையாண்டால் மருந்தே கொல்லும். பாட்டிக்குத் தேவை ஒத்தடம் அன்று. பட்டையை ஒட்டிய நாளையும் நேரத்தையும் குறித்து வைத்து, அருகில் அமர்ந்து, அவர் மூச்சைக் கவனிக்கும் ஒரு பேரன்தான்.