மரநிலையைச் சுவர் சிதையாது பெயர்த்தல்

மேல்நாட்டார் சுவரடியிற் பதிக்கும் மரப்பலகை நம்மூர் வீடுகளில் அரிது. கறையானுக்கு அஞ்சியும், தரையை நீர்விட்டுக் கழுவும் வழக்கங் கருதியும் நம்மவர் அவ்விடத்திற் சீமெந்துப் பட்டையே பூசினர். சுவரோடு மரம் இறுகி நிற்கும் இடம் நமக்கு வாயில் நிலையே. 2000ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரி பேரழிவுற்றது. அதன்பின் வீடு திருத்த முனைந்தோர்க்குப் பாட்டன் காலத்து நிலையொன்றைப் பழுதின்றி எடுத்தல் சிறிய காரியமன்று.

அலவாங்கைச் செருகி நெம்புவது பெருந்தவறு. பழைய சுண்ணாம்புச் சாந்து சீமெந்தினும் மென்மையானது; கருவி ஊன்றுமிடத்திற் பொடிந்து பூச்சினைப் பாளம் பாளமாக வீழ்த்தும். ஆயினும் அம்மென்மையே நமக்குத் துணையுமாம். மெல்லிய உளியாற் சுரண்டினாலே சாந்து உதிரும்.

மேலுள்ள சுவர்ப்பாரம் எதன்மீது தங்குகின்றதென முதலில் அறிக. நிலையே தாங்குமாயின் முட்டுக்கொடாது தொடுதல் ஆகாது. பின்னர் மரமும் பூச்சும் சந்திக்கும் கோட்டைக் கூரிய கத்தியாற் கீறுக. இன்றேல் பூச்சு மரத்தோடு உரிந்துவரும். பழைய நிலைகள் பலவற்றில் மேற்சட்டமும் கீழ்ச்சட்டமும் இருபுறமும் நீண்டு சுவருட் புகுந்திருக்கும். அம்முனைகளைச் சூழ்ந்த சாந்தினைச் சுவரின் ஒரு முகத்தில் மாத்திரம் அகழ்க. மறைந்திருக்கும் இரும்புப் பற்றுக்களை இரும்பறுக்கும் வாளால் அறுக்க, இழுத்துப் பிடுங்கலாகாது. நிலை கோணாதபடி கால்களுக்கிடையே சட்டமொன்றை இறுக்கி, மேலும் கீழும் மாறிமாறிச் சிறிது சிறிதாக அகழ்ந்த பக்கமே நகர்த்துக. நெம்பியே ஆகவேண்டின் கருவிக்கும் சுவருக்கும் இடையே அகன்ற பலகை வைக்க. ஒருநாள் வேலையை ஒருமணியில் முடிப்பேன் என்பாரிடம் இதனை ஒப்படைப்பதினும் நிலையைச் சுவரிலேயே விடுதல் நன்று.

எஞ்சிய ஆணிகளை முகப்பக்கம் அடித்துத் தள்ளாது, பின்புறமாகக் குறட்டினால் இழுக்க. பெயர்த்த நிலையை மண்ணிற் கிடத்தாது கட்டைகள்மீது சமமாக வைக்க, கறையான் காத்திராது.