முறுக்கின்மேல் முறுக்கு

சேலம் நகரின் வடபால் ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மேல் அமைந்த ஊர் ஏற்காடு. அடிவாரத்தில் நின்று நோக்குவார்க்கு மலைமுகடு அணித்தே இருப்பது போலத் தோன்றும். ஆயினும், மேலே செல்லும் பாதை நேரே ஏறுவதில்லை. 20 கொண்டையூசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறுகின்றது. நீண்டதொரு வழி குறுகிய சரிவில் அடங்க வேண்டுமாயின், வளைதலும் மடிதலும் இன்றியமையாதன அல்லவா?

இவ்வுண்மை உயிர்களின் உடலினுள்ளும் விளங்குகின்றது. மரபுப் பண்புகளைத் தாங்கி நிற்கும் பொருள் டி.என்.ஏ. ஆகும். இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவிச் சுற்றிய புரி போன்றது அதன் வடிவம் என்பதை 1953ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். மனிதர் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் நுண்ணுயிரின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். அஃதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதனுள் உள்ள டி.என்.ஏ.வின் நீளமோ ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர். தன்னினும் 750 மடங்கு நீண்ட இழையை அச்சிற்றுயிர் எங்ஙனம் அடக்கி வைத்துள்ளது?

மலைப்பாதையை வளைத்தவர் மனிதர், டி.என்.ஏ.வை வளைப்பதில் பெரும்பங்கு கொள்வது அதன் முறுக்கே. அடிவாரத்து உழவர் கயிறு திரிப்பதை உற்று நோக்கின் இது தெளிவாகும். இருபுரிக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை மேலும் மேலும் முறுக்கி, பிடியைச் சற்றே தளர்த்தினால், கயிறு தன்மேல் தானே சுருண்டுகொள்ளும். முனையை விட்டுவிட்டால் முறுக்கு ஓடிவிடும்; முனை பிணிப்புண்டிருப்பின், ஓட வழியின்றிச் சுருளாக மாறும். முறுக்கை அளவிற்கு மேல் தளர்த்தினும் இவ்வாறே நிகழும். இவ்வாறு சுருளின்மேல் எழும் சுருளே மீச்சுருள் எனப்படும். ஈ.கோலையின் டி.என்.ஏ. முனையற்ற வளையம், ஆகலின், முறுக்கு வெளியேற வழியில்லை. வளைய வடிவான டி.என்.ஏ.வில் மீச்சுருள் உண்டென்பதை வினோகிராட் குழுவினர் 1965ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

மீச்சுருள் இடத்தைச் சுருக்குவதோடு நில்லாது, வேறொரு பயனும் தருகின்றது. மரபுச் செய்தியைப் படிக்கவும் படியெடுக்கவும் இழைகள் பிரிதல் வேண்டும். உயிரணு தன் டி.என்.ஏ.வை இயல்பினும் சிறிது தளர்வாக வைத்திருத்தலால் இழைகள் எளிதிற் பிரிகின்றன. ஆனால், கட்டிய கயிற்றின் புரிகளை இடையிலே பிரித்துக்கொண்டு சென்றால், முன்னுள்ள பகுதியில் முறுக்கு ஏறி விரலைத் தடுக்கும். டி.என்.ஏ.விலும் இவ்விடர் உண்டு. இதனைக் களைவது கைரேஸ் என்னும் நொதி. 1976ஆம் ஆண்டில் கெல்லர்ட் குழுவினர் இதனைக் கண்டனர். இந்நொதி இரண்டு இழைகளையும் வெட்டி, அவ்விடைவெளியில் டி.என்.ஏ.வின் மற்றொரு பகுதியைச் செலுத்தி, வெட்டிய முனைகளை மீண்டும் இணைத்துவிடுகின்றது. கத்தியும் ஊசியும் ஒருங்கே ஏந்திய தையற்காரரை ஒத்தது இதன் தொழில்.

மனித உயிரணுவில் கைரேஸ் இல்லை. அங்கே வேறு நொதிகள் அப்பணியைச் செய்கின்றன. இவ்வேறுபாடே மருத்துவர்க்குக் கருவியாயிற்று. லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள், கைரேஸ் வெட்டிய முனைகளை மீண்டும் இணைக்கவொட்டாமல் தடுக்கின்றன, கிருமி மடிகின்றது. பிற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கும் இம்மருந்து பயன்படுகின்றது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் வி. நாகராஜா குழுவினர் காசநோய்க் கிருமி இனத்தின் கைரேஸ் நொதியை ஆராய்ந்துள்ளனர்.

எனினும், கைரேசின் அமைப்பில் சிறு மாற்றம் நேரினும் கிருமி மருந்தை வென்றுவிடக்கூடும். மருந்தை இடையில் நிறுத்துவோர் அத்தகைய கிருமிகள் பெருக வழிகோலுகின்றனர். ஆகவே, மருத்துவர் வகுத்த நாள்வரை மருந்துண்டல் நோயாளியின் கடமையாகும். கண்ணுக்குப் புலனாகாத ஒரு முறுக்கின் இயல்பை அறிந்தமையால் மாந்தர் உயிர் காக்கப்படுகின்றது. அவ்வறிவைப் பேணாவிடின் அப்பயன் கைநழுவும்.