இருதய ஓட்டையும் ‘புள்ள தேறிட்டான்’ என்ற பேச்சும்

இப்னு நபீஸை இந்த இதழின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. திமிஷ்கிலிருந்து வந்து, கெய்ரோவில் வைத்தியராகவும் நமது ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞராகவும் வாழ்ந்து 1288இல் மறைந்தவர். இப்னு ஸீனாவின் கானூனிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு 1242இல் எழுதிய உரையில் அவர் ஒரு விஷயத்தை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவர் தடித்தது. கண்ணுக்குத் தெரிகிற துவாரமும் அதில் இல்லை, தெரியாத துவாரமும் இல்லை. வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் சேர வேண்டுமானால் நுரையீரலைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். கிரேக்க வைத்தியர் காலன் காலத்திலிருந்து ஆயிரம் வருடத்துக்கு மேலாக நம்பப்பட்டது அதற்கு நேர்மாறானது. பெர்லின் நூலகமொன்றில் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை எகிப்திய வைத்தியர் முஹ்யித்தீன் அத்ததாவி 1924இல் எடுத்துக் காட்டும்வரை, இந்தக் கண்டுபிடிப்பின் பெயரெல்லாம் ஐரோப்பியர் பக்கமே இருந்தது.

இதை நாம் மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அதே சுவரில் நிஜமாகவே ஓட்டையோடு பிறக்கிற பிள்ளைகளைப் பற்றி மட்டும் வீட்டுக்குள் மெல்லமாகப் பேசிக்கொள்கிறோம். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் 8 பேர் அளவில் ஏதோவொரு இருதயக் குறையோடு பிறக்கிறார்கள் என்பது உலகப் பொதுக் கணக்கு. இலங்கையில் அண்மைய வருடங்களில் ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் பிறப்பு என்று வைத்தால், 2000 பிள்ளைகள். மருதமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையிலுள்ள நம்மூர்களில் இப்படியொரு பிள்ளையைக் கேள்விப்படாத வட்டாரம் இருக்காது.

தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் எல்லோருடைய இருதயத்திலும் ஓட்டை இருந்தது. சிசு மூச்சு விடுவதில்லை; ஒட்சிசன் நச்சுக்கொடி வழியே தாயிடமிருந்து வருகிறது. ஆகவே நுரையீரலுக்கு அதிக இரத்தம் போகத் தேவையில்லை. மேலறைகளுக்கு நடுவில் ஒரு கதவும், நுரையீரல் நாடிக்கும் பெருநாடிக்கும் இடையில் ஒரு குறுக்குக் குழாயும் அந்த இரத்தத்தைத் திருப்பி விடுகின்றன. பிறந்து முதல் அழுகை அழுததும் கதவு சாத்திக்கொள்ளும். குழாய் ஓரிரு நாளில் சுருங்கும். சிலருக்கு இது நடப்பதில்லை. வேறு சிலருக்கு நடுச்சுவரே முழுமையாக உருவாவதில்லை. இடப்பக்க அழுத்தம் அதிகமென்பதால், ஒட்சிசன் ஏற்றிய சிவந்த இரத்தம் ஓட்டை வழியே வலப்பக்கம் பாய்ந்து, மறுபடியும் நுரையீரலுக்கே போகிறது. முறைகெட்ட இந்தக் குறுக்கோட்டம்தான் பிரச்சினையின் வேர்.

ஆனால் பிறந்த அன்றே அது தெரிய வராது. புதிதாகப் பிறந்த பிள்ளையின் நுரையீரல் நாளங்கள் இன்னும் இறுக்கமாகவே இருக்கும்; அந்த இறுக்கம் ஒரு தடுப்பணைபோல நின்று பாய்ச்சலைக் கட்டுப்படுத்தும். ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டும்போது டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் கேட்காமல் போகலாம். நாலு, ஆறு வாரத்தில் நாளங்கள் தளரும். அப்போதுதான் வெள்ளம். நம்மூரில் உம்மாவும் பிள்ளையும் வீட்டோடு இருக்கும் நாற்பது நாள் காலம் சரியாக இதற்குள் வருகிறது. “பால் குடிக்கக்குள்ள புள்ளைக்கி நெத்தியெல்லாம் வேர்க்குது, ரெண்டு வாய் குடிச்சிட்டு இளைக்கிறான்” என்று அந்நேரம் ஓர் உம்மா சொன்னால், அதைத் தடிமன் என்றோ கண்ணூறு என்றோ தள்ளக் கூடாது. குழந்தைக்குப் பால் குடிப்பது மலை ஏறுவது மாதிரி. களைப்பு முதலில் அங்கேதான் தெரியும். மிட்வைஃப் நிரப்பித் தரும் கொப்பியில் நிறைக்கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடப்பது இரண்டாவது சாட்சி.

ஓட்டைச் சத்தத்தைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் உண்டு. சத்தம் பெரிதென்றால் ஓட்டை பெரிது என்று நினைக்கிறோம். குழாய்த் தண்ணீரை விரலால் அடைத்துப் பாருங்கள்: வாய் சிறுத்தால்தான் சீறும். கீழறைச் சுவரில் சின்ன ஓட்டையுள்ள பிள்ளை பெரும் இரைச்சலோடு ஓடி விளையாடும். பல சமயம் அது தானாகவே அடைபடும். பெரிய ஓட்டையோ அதிகம் சத்தம் போடுவதில்லை.

இனித்தான் முக்கியமான கட்டம். மாதக்கணக்கில் வெள்ளம் பாய்ந்தால் நுரையீரலின் சிறு நாளங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தடிக்கின்றன. தடித்ததும் பாய்ச்சல் குறைகிறது. இளைப்பு நிற்கிறது, அடிக்கடி வந்த நியூமோனியா வருவதில்லை, பிள்ளை கொஞ்சம் சதையும் வைக்கும். “புள்ள இப்ப தேறிட்டான், இனி என்னத்துக்குக் கொழும்புக்கு இழுபடுற?” என்று மூத்தம்மா கேட்பார். நேர்ச்சைக்கும் ஓதிப் பார்த்ததற்கும் பலன் கிடைத்தது என்று வீடு சந்தோஷப்படும். துஆவை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய ஓட்டையுள்ள பிள்ளை மருந்தும் ஒப்பரேஷனும் இல்லாமல் திடீரெனத் தேறுவது, வைத்தியர் அஞ்ச வேண்டிய அடையாளம். நாளங்கள் இன்னும் தடித்தால் வலப்பக்க அழுத்தம் இடப்பக்கத்தை மிஞ்சும். ஓட்டம் திசை மாறும். ஒட்சிசன் இல்லாத இரத்தம் உடம்புக்குப் போய் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். இப்படியொரு நோயாளியை 1897இல் விவரித்த ஒஸ்திரிய வைத்தியர் ஐசன்மெங்கரின் பெயரிலேயே அந்நிலை அழைக்கப்படுகிறது. அதன்பின் ஓட்டையை அடைப்பது சிகிச்சை அல்ல. அப்போது வலப்பக்க இருதயத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வடிகால் அந்த ஓட்டைதான்.

எவ்வளவு அவகாசம் என்பது குறையைப் பொறுத்தது. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டையென்றால் முதலாவது, இரண்டாவது வயதுக்குள் காரியம் முடிய வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் முந்தி. பெருநாடியும் நுரையீரல் நாடியும் பிரியாமல் ஒரே தண்டாகப் பிறக்கும் அரிய குறையில் மாதங்கள்தான் கணக்கு. மேலறை ஓட்டை எதிர்மாறு: இருபது, முப்பது வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, நாற்பது வயதில் படியேறும்போது மூச்சு வாங்கித் தெரிய வரும்.

கண்டுபிடிக்க எக்கோதான் ஆதாரம். அது ஒலி அலையால் எடுக்கும் படம். வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. ஓட்டத்தின் திசையை நிறத்தில் காட்டும். நாளங்களின் தடிப்பு அடைக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால், தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயை இருதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். கொவிட் காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியைக் கைக்குழந்தைக்கு மாட்டி நிம்மதி அடைய வேண்டாம். குழந்தைக்கான கருவி வேறு. தவிர, நீலம் பாரிக்காத காலத்தில் அது நல்ல எண்ணைத்தான் காட்டும்.

எல்லா ஓட்டையும் எதிரி அல்ல. நுரையீரலிலிருந்து இருதயத்துக்குத் திரும்ப வேண்டிய நாளங்கள் நான்கும் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கத்தோடு இணைந்துவிடும் அரிய குறையொன்று உண்டு. அந்தப் பிள்ளை உயிரோடிருப்பதே மேலறைச் சுவரில் ஓட்டை இருப்பதால்தான். பெரிய நாடிகள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு, பலூன் வைத்த குழாயால் வைத்தியர்களே சுவரைக் கிழித்து வழி உண்டாக்குவார்கள். 1966இல் ரஷ்கைண்ட் காட்டிய முறை அது. அதற்கும் முன்னால், 1944இல் பால்டிமோரில், நீலக் குழந்தையொன்றின் கைக்குப் போகும் நாடியை நுரையீரல் நாடியோடு தைத்தார்கள். அங்கே குறுக்கோட்டமே மருந்தானது.

அடைப்பதில் இன்று இரண்டு வழி. பொருத்தமான மேலறை ஓட்டையையும் மூடாத குறுக்குக் குழாயையும், நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியே கொண்டுபோகும் குடை போன்ற வலைத்தட்டால் அடைக்கலாம். பெரிய கீழறை ஓட்டைக்குப் பெரும்பாலும் ஒப்பரேஷன்தான். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் ராத்திரி பஸ், தங்குமிடம், வாப்பாவின் நாட்கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் செலவுதான். காத்திருப்போர் பட்டியல் நீளம். திகதி தள்ளிப்போன வீட்டில்தான் ‘தேறிட்டான்’ என்ற பேச்சு காதுக்கு இனிக்கும். பள்ளிவாசல் நிருவாகமும் ஸகாத் நிதிகளும் கொழும்பில் ஒரு குடும்பத்துக்குப் பத்து நாள் தங்க இடம் பார்த்துக் கொடுத்தால், அது ஓர் ஒப்பரேஷனுக்குச் சமம் என்பேன்.

காரணம் கேட்டு உம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கத்தை விட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளில் குறிப்பான காரணம் அகப்படுவதில்லை. கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்படாத சீனி வருத்தம் அபாயத்தைக் கூட்டும். சொந்தத்துக்குள் கலியாணமும் ஓரளவு கூட்டுவதாக லெபனானிலும் சவூதியிலும் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. மச்சான் மச்சிக்குக் கட்டிவைக்கும் நமக்கு அது கசப்பான செய்தி. கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா குறுக்குக் குழாயை மூடவிடாமல் செய்யும். தடுப்பூசியால் இலங்கை அதை ஒழித்துவிட்டதென 2020இல் உறுதிசெய்யப்பட்டது. ஊசிக்கு எதிராக வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவோர் இதை ஞாபகத்தில் வைக்கட்டும்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. கலியாணம் பேசக்குள்ள ஓட்டை இருந்த கதையை மறைக்கிறோம். சின்ன வயதில் சரியாக அடைபட்ட, நுரையீரல் அழுத்தம் கூடாத பெண் பொதுவாக மற்றவர்களைப் போலவே பிள்ளை பெறலாம். மறைக்க அதில் ஒன்றுமில்லை. ஐசன்மெங்கர் நிலைக்குப் போன பெண்ணின் கதை வேறு. பழைய கணக்குகளில் இப்படிக் கருத்தரித்த தாய்மாரில் மூன்றில் ஒருவராவது இறந்திருக்கிறார். வைத்திய வழிகாட்டிகள் கருத்தரிக்கவே வேண்டாம் என்கின்றன. கிளினிக் கொப்பியை அலுமாரியில் பூட்டிவிட்டு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது, அவளுடைய உயிரைக் கொண்டு சூதாடுவது.

அந்நிலையிலும் ஆட்கள் பல வருடம் வாழ்கிறார்கள். நுரையீரல் அழுத்தத்தைத் தணிக்க சில்டெனஃபில் கொடுப்பார்கள். வேறொரு காரியத்துக்குப் பேர்போன மாத்திரை என்பதால் பாமசியில் வெட்கப்பட்டு வாங்காமல் திரும்பியவர்களும் உண்டு. ஒட்சிசன் குறைவை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போவதால் இவர்களுடைய இரத்தம் தடித்திருக்கும். நீர் வற்றினால் அது உறைந்து மூளையைத் தாக்கலாம். வயிற்றோட்டம் ஒருநாள் நீடித்தாலே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நமது கரையின் வெயிலில் பதின்மூன்று, பதினாலு மணித்தியாலம் தண்ணீர் இல்லாத நோன்பு இவர்களுக்குப் பெரும் ஆபத்து. தீராத நோயாளிக்கு நோன்பு விட்டு பித்யா கொடுக்க ஷரீஅத்தில் இடமிருப்பதை ஆலிம்கள் அறிவார்கள். ரமழானுக்கு முந்திய கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவரிடமும் போய் வாருங்கள்.