கைப்பேசி நம்முடையது... சாவி யாரிடம்?

அம்மாவின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அண்மையில் தம்பி மறுவாழ்வு கொடுத்தான். தயாரிப்பாளர் பாதுகாப்பு மேம்பாடுகளை நிறுத்திவிட்டதால், தன்னார்வலர்கள் உருவாக்கும் 'லினேஜ் ஓஎஸ்' இயங்குதளத்தை அதில் ஏற்றினான். கைப்பேசி புதுசு போல ஓடியது. ஆனால், வங்கிச் செயலி மட்டும் திறக்க மறுத்தது.

"என் போன், என் பணம். நடுவுல யாருடா தடுக்கிறது?" என்றார் அம்மா.

வானொலியில் நேயர்களை நாள்தோறும் கேள்வி கேட்கும் எனக்கு, இதற்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன்.

ஆண்ட்ராய்டு ஒரு திறமூல மென்பொருள். அதன் அடித்தளம் லினக்ஸ். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்தது. 2005இல் ஆண்ட்ராய்டு நிறுவனத்தை கூகுள் வாங்கியது. அதன் மூல நிரலை இன்றும் யாரும் இலவசமாக எடுக்கலாம், மாற்றலாம்.

அப்படியானால் சிக்கல் எங்கே?

பிளே ஸ்டோர், மேப்ஸ், பின்னணியில் இயங்கும் பிளே சர்வீசஸ் ஆகியவை திறமூலம் அல்ல, கூகுளின் தனிச்சொத்து. இந்தக் கைப்பேசியை நம்பலாமா என்று பல வங்கிச் செயலிகள் கூகுளின் சேவையிடம்தான் கேட்கின்றன. மோசடியைத் தடுக்க அது உதவுகிறது, உண்மைதான். ஆனால், நல்ல நோக்கத்தோடு மாற்றிய கைப்பேசியும் அதே வலையில் மாட்டிக்கொள்கிறது.

2019இல் அமெரிக்க அரசின் கட்டுப்பாட்டால் ஹுவாவேயின் புதிய கைப்பேசிகள் கூகுள் சேவைகளை இழந்தது நினைவிருக்கலாம். திறமூல ஆண்ட்ராய்டு அதன் கையில்தான் இருந்தது. ஆனாலும் வாங்க வந்தவர்கள் கேட்டது, "கூகுள் இருக்கா?" என்றுதான்.

தயாரிப்பாளர்களுக்கும் நிபந்தனை இருந்தது. கூகுள் செயலிகள் வேண்டுமென்றால், கூகுள் ஏற்காத ஆண்ட்ராய்டு வகையில் இயங்கும் ஒரு கருவியைக்கூட விற்கக்கூடாது. இது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தாலும், தீர்ப்பின் பெரும்பகுதியை உறுதிசெய்தது. 2025இல் ஆண்ட்ராய்டு உருவாக்கப் பணி முழுவதையும் கூகுள் தன் நிறுவனத்துக்குள் கொண்டுபோனது. நிரல் வெளிவரும், ஆனால், வேலை முடிந்த பிறகுதான்.

கூகுளைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. அது சம்பளம் கொடுக்கும் பொறியாளர்கள் இல்லாவிட்டால், குறைந்த விலைக்கு இத்தனை நல்ல கைப்பேசிகள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஆனால், சம்பளம் கொடுப்பவரே திசையையும் தீர்மானிக்கிறார்.

அடுத்த முறை கைப்பேசி வாங்கும்போது, கேமராவைப் பற்றி விசாரிக்கும் முன், எத்தனை ஆண்டுகள் பாதுகாப்பு மேம்பாடு கிடைக்கும் என்று கேளுங்கள். இயங்குதளத்தை மாற்ற நினைத்தால், உங்கள் வங்கிச் செயலி அதில் இயங்குமா என்று முதலில் பாருங்கள்.

அம்மாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கியாகிவிட்டது. பழையது சமையலறையில் இருக்கிறது, வானொலி கேட்க. எனக்கு ஒரு நேயர் கூடியதுதான் மிச்சம்!