ஊர்ப்பணம் – 7: மூட்டைக்கு இவ்வளவு

கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று தூக்கிலிட்ட ஊர் கயத்தாறு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தன. அதன்பிறகு தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகள் கரிசல் பூமிக்குள் அதிகம் வரத் தொடங்கின. வழிப்பறி பயம் மட்டும் போகவில்லை. நாடார் வணிகர்கள் வழியில் ஆங்காங்கே பேட்டைகள் கட்டினார்கள். சுற்றுச்சுவர், கிணறு, வண்டி அவிழ்த்துப்போட இடம். அந்தச் செலவுக்காக ஒவ்வொருவரும் கொடுத்த பங்குதான் மகமை.

பேட்டைக்காகத் தொடங்கிய மகமை பின்னர் கடைவீதிக்கும் வந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறுதொகை. வசூலித்து நிர்வகித்த சபைக்கு உறவின்முறை என்று பெயர். உறவும் முறையும் ஒரே சொல்லில் இருப்பதைக் கவனியுங்கள். பக்கத்துக் கடைக்காரர் மைத்துனர், எதிர்க்கடைக்காரர் நாளைக்குச் சம்பந்தியாகக்கூடியவர். இறங்கிய மூட்டையைக் குறைத்துச் சொன்னால் தெருவே அறியும். பிறகு பெண் கேட்டு எந்த வாசலில் ஏறுவது? காவலுக்குத் தனியாக ஆள் போட வேண்டியதில்லை. விருதுநகரில் இந்த மகமையோடு வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியும் சேர்ந்துதான் சத்திரிய வித்யாசாலையை நடத்தின. காமராஜர் படித்த பள்ளி அது.

அப்படியானால் உறவு நெருங்க நெருங்க ஒத்துழைப்பு கூடும் என்று சொல்லிவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. அதற்குச் சாட்சி இன்றைய மகளிர் குழுக்கள். தமிழ்நாட்டில் அரசு முயற்சியாக இவை 1989-இல் தருமபுரியில் தொடங்கின. கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களும் காட்டு வேலைக்குப் போகிறவர்களும் இன்று இவற்றில் இருக்கிறார்கள். ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பேர். மகமை, சரக்கு இறங்கும்போதே கொடுத்துவிடுகிற சில்லறை. குழுக் கடனோ வாங்கிச் செலவழித்த பிறகு மாதாமாதம் திருப்பிக் கட்டவேண்டிய பெரிய தொகை. தவணை நின்றுவிட்டால், 'மதினிகிட்ட போய் எப்படிக் கேக்க?' என்ற தயக்கம் வருகிறது. மகமைக்குக் காவலாக நின்ற அதே உறவு இங்கே வாயைக் கட்டிவிடுகிறது.

அதனால் குழுவில் இரண்டு மூன்று தெருக்காரர்கள் கலந்திருப்பது நல்லது என்பது என் எண்ணம். ஆனால் உறவில்லாதவரை எதை வைத்து நம்புவது? எலினார் பவர் என்ற மானுடவியலாளர் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாரிடம் உதவி கேட்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வரைபடமாக்கினார். 2017-இல் வெளியான அவருடைய ஆய்வில் ஒரு விஷயம் என்னை நிறுத்திவைத்தது. தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், தீ மிதிப்பதுபோல் உடம்பை வருத்தி நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் ஆகியோருக்கு, உதவி கொடுத்து வாங்கும் உறவுகள் அமைய வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஊரறியச் செய்த காரியம், உறவு இல்லாத இடத்தில் ஓர் அறிமுகமாகிறது.

குழுவில் அந்த வேலையைச் செய்வது கணக்கு நோட்டு. அதனால்தான் பெயரும் கட்டிய தொகையும் பாக்கியும் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்பட வேண்டும். குழுவை நடத்தும் ஊக்குநரின் வீட்டு அலமாரியில் நோட்டு பூட்டிக் கிடந்தால், மூன்றாம் தெருக்காரிக்கு முதல் தெருக்காரி கட்டினாளா இல்லையா என்று தெரிய வேறு வழி ஏது?