பறங்கியர் மொழிக்கு எஞ்சியுள்ள காலம்

திருகோணமலை புனித மரியன்னை பேராலயம் 1852இல் கட்டப்பட்டது. மறைமாவட்டம் 1893இல் உருவானது. இந்தத் துறைமுகத்தில் கத்தோலிக்கம் வேர் பிடித்தது அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு. அதைக் கொண்டுவந்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். காத்தவர்களுள் பலர் அவர்களின் வழியினர். அவர்கள் வீட்டில் பேசிய மொழியை இன்று பேசத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்.

போர்த்துக்கேயர் 1622க்கும் 1624க்கும் இடையில் கோணேசர் கோயிலை இடித்தனர். அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். போர்த்துக்கேயரின் கோட்டை ஆட்சி சுமார் பதினைந்து ஆண்டுகளே நீடித்தது. ஆனால் கிழக்குக் கரையில் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமானவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஆட்சியோடு கப்பலேறவில்லை. அவர்களின் வழிவந்தவர்களையே தமிழர் பறங்கியர் என்கின்றனர். தச்சுவேலையும் கொல்லவேலையும் தையலும் அவர்களுக்குத் தொழிலாயின.

1658இல் ஒல்லாந்தர் ஓர் ஆணை பிறப்பித்தனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை. 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும் வரை, இலங்கைக் கத்தோலிக்கர் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் குரு இல்லாமலே இருந்தனர். கத்தோலிக்கர் மீதான தடைகளை 1806இல்தான் பிரித்தானிய ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட் நீக்கினார். இடைப்பட்ட 148 ஆண்டுகளில் பறங்கியர் சமயத்தையும் விடவில்லை, மொழியையும் விடவில்லை. ஒல்லாந்த அதிகாரிகளின் வீடுகளில்கூடப் பெண்களும் வேலையாட்களும் இதே மொழியைத்தான் பேசினர்.

மொழியியலாளர் இதைக் கிரியோல் என்கின்றனர். இரு மொழிக்காரர் கலந்து வாழும்போது பிறந்து, அடுத்த தலைமுறைக்குத் தாய்மொழியாகிவிடும் கலப்பு மொழி என்பது அதன் பொருள். இதன் சொற்களில் பெரும்பங்கு போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ தமிழை ஒட்டியது. வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். லிஸ்பனிலிருந்து வரும் ஒருவருக்குச் சொற்கள் பல பழகியவையாக இருக்கும். அவை நிற்கும் வரிசை புரியாது. மட்டக்களப்பில் ஆய்வு செய்த இயன் சிமித் 1978இல் இதன் ஒலியமைப்பைப் பற்றி நூல் வெளியிட்டார். தமிழரும் பறங்கியரும் ஒரே ஊரில் மூன்றரை நூற்றாண்டுகள் பழகியதற்கு இவ்வளவு நுணுக்கமான சான்று வேறெங்கும் இல்லை. எந்தக் கல்வெட்டிலும் அது பதிவாகவில்லை.

பேசியவர்கள் பறங்கியர் மட்டுமல்லர். போர்த்துக்கேயர் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியரும் தம் படைக்கென மொசாம்பிக்கிலும் கோவாவிலும் ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கினர். காப்பிரிகள் எனப்படும் இவர்களின் வழியினரும் கத்தோலிக்கராகி இதே மொழியைப் பேசினர். புத்தளத்தை அடுத்த சிறம்பையடியில் அவர்களுடைய சிற்றூர் இன்றும் இருக்கிறது. திருகோணமலையில் பறங்கியரும் காப்பிரிகளும் பாலையூற்றுப் பகுதியில் அயலவராக வாழ்கின்றனர்.

மொழி அச்சிலும் ஏறியது. வெஸ்லியன் மிஷனரிமார் 1814இல் இலங்கைக்கு வந்தபோது அதைப் பல ஊர்களிலும் கேட்டனர். 1826இல் புதிய ஏற்பாடு முழுவதும் இலங்கைப் போர்த்துக்கேயத்தில் வெளியானது. 1900இல் கோவா அறிஞர் செபஸ்தியாவோ தல்காதோ இம்மொழியைப் பற்றித் தனி நூலே எழுதினார். அப்போதும் அது வீடுகளில் வழங்கிய மொழியாகவே இருந்தது.

பின்னர் நடந்தவை தனித்தனிக் காரணங்களால் நடந்தவை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. இலங்கைப் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்தது. அதை நம்பியிருந்த வேலைகள் குறைந்தன. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் லத்தீன் பூசை மக்கள் மொழிக்கு மாறியது. கிழக்கில் மக்கள் மொழி என்றால் தமிழ். பள்ளிக்கூடமும் தமிழில். 1983க்குப் பிறகு போர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை. பறங்கியர் செறிந்து வாழ்ந்த மட்டக்களப்பு டச்பார் கடலோரத்தில் குடும்பங்கள் மாண்டன. தப்பியவர்கள் வேறு இடங்களில் குடியேற்றப்பட்டனர்.

இவற்றில் எதுவும் இம்மொழியைத் தடை செய்யவில்லை. மரண தண்டனை ஆணையைத் தாண்டி வந்த மொழி அது. அதன் பிடியைத் தளர்த்தியது எண்ணிக்கை. சமூகம் சிறுத்தபோது பிள்ளைகள் வெளியே மணம் முடித்தனர். தாய் பறங்கியர், தந்தை தமிழர் என்றால் வீட்டின் பொது மொழி தமிழாகிறது. பாட்டி தன் தங்கையோடு கிரியோலில் பேசுகிறார். பேரன் வந்ததும் இருவரும் தமிழுக்கு மாறிவிடுகின்றனர். பேரனுக்குச் சில சொற்களின் பொருள் தெரியும், பதில் சொல்ல வராது. அவனுடைய பிள்ளைக்குச் சொற்களும் கிடைப்பதில்லை.

யுனெஸ்கோ அழியும் மொழிகளைப் படிநிலையாகப் பிரிக்கிறது. பிள்ளைகள் வீட்டில் தாய்மொழியாகக் கற்காதபோது மொழி திட்டமான ஆபத்தில் உள்ளது. தாத்தா பாட்டியர் பேச, பெற்றோர் புரிந்துகொண்டாலும் பிள்ளைகளிடம் பேசாதபோது கடும் ஆபத்து. தாத்தா பாட்டியரே அரைகுறையாக, எப்போதாவது பேசுவது அழிவுக்கு முந்தைய படி. அதற்குப் பின் அழிந்த மொழி என்ற படி மட்டுமே.

அடுத்து என்ன நடக்கும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. சிறம்பையடியில் காப்பிரிகளின் மாஞ்ஞா பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. கைத்தாளமும் ஆட்டமும் குறையவில்லை. பாடும் இளையோரில் பெரும்பாலோர் அன்றாடம் பேசுவது சிங்களம். பாட்டின் சொற்களை மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர்.

கொச்சியின் வைப்பின் தீவு இன்னும் தெளிவான சான்று. அங்கும் போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கரிடையே ஒரு கிரியோல் பிறந்தது. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்த பிறகும் அது பிழைத்தது. 20ஆம் நூற்றாண்டில் குடும்பங்கள் மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறின. அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ 2010 ஆகஸ்ட் 20 அன்று இறந்தார். வைப்பினில் சமூகம் இருக்கிறது. கோயிலில் பூசையும் நடக்கிறது.

லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோ ரொசாரியோவின் பேச்சைப் பதிவு செய்தவர். அவரே பின்னர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் கதைகளையும் பதிவு செய்தார். அப்பதிவுகள் அழியும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து அகராதி எழுதலாம், இலக்கணம் எழுதலாம்.

இலங்கை அரசியலமைப்பு சிங்களத்தையும் தமிழையும் ஆட்சிமொழிகளாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஏற்கிறது. கிரியோலுக்கு அரசுப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடமில்லை. திருகோணமலையில் அதைப் பேசுவோர் மட்டக்களப்பை விடவும் குறைவு. 1960இல் பிறந்து, வீட்டில் அதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு 2035இல் 75 வயது. அதற்குள் ஒரு குழந்தையாவது அதைப் பேசக் கற்க வேண்டுமானால், அக்குழந்தையோடு நாள்தோறும் அம்மொழியில் பேச ஒருவர் அதே வீட்டில் இருந்தாக வேண்டும்.